புகை சூழ்ந்த ராத்திரியில் முயலை எங்கே வைப்பது?

கேள்வி: பக்கத்தில் காட்டுத்தீ எரிந்து புகை வீட்டுக்குள் வரும்போது முயல், கினி பன்றி, லவ் பேர்ட்ஸ் மாதிரி சின்னப் பிராணிகளை எப்படிக் காப்பாற்றுவது?

சாயல்குடிக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாக் கரையோரம் எங்கள் ஊர். மலை கிடையாது, பெரிய காடும் கிடையாது. காட்டுத்தீ என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கும் 2018 மார்ச் மாதத்துக் குரங்கணிதான் ஞாபகம் வரும். எங்களுக்கு அது சீமைக்கருவேலங்காட்டில் பிடிக்கிற தீ. சித்திரை, வைகாசியில் தரையெல்லாம் காய்ந்து கிடக்கும்போது அணைக்காமல் போட்ட ஒரு பீடித்துண்டு போதும். காய்ந்த புல்லில் பற்றி, புதருக்குள் புகுந்து, பனைமரத்தில் தொங்குகிற காவோலையில் ஏறிவிடும். அது போக, வடக்கே கமுதி, கடலாடிப் பக்கமெல்லாம் கருவேலங்கட்டையை அடுக்கி மண்ணைப் பூசிக் கரிமூட்டம் போடுகிறார்கள். ஒரு மூட்டம் நாள்கணக்கில் புகைந்துகொண்டே இருக்கும். அதனால் புகைக்கு நடுவே முயல் வளர்க்க நாங்கள் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. ஒரு முயலைப் பறிகொடுத்த பிறகுதான் ஒழுங்காகக் கற்றோம்.

என் மகளுக்கு இரண்டு முயல்கள் இருந்தன, ஒன்று வெள்ளை, ஒன்று சாம்பல். ஒரு வைகாசி ராத்திரி, இரண்டு மணி இருக்கும், கண் எரிச்சலில் முழித்தேன். வடக்கே வானம் சிவந்து கிடந்தது. கருவேலங்காடு எரிகிறது. படித்ததையும் கேட்டதையும் வைத்துக்கொண்டு கதவு, சன்னல் எல்லாவற்றையும் அடைத்தேன். கதவிடுக்கில் ஈரத்துண்டைத் திணித்தேன். கூண்டைத் தூக்கி, சன்னலே இல்லாத சாமான் அறையில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் கரண்ட்டும் போய்விட்டது. புகை உள்ளே வரவில்லையே என்ற நிம்மதியில் உட்கார்ந்திருந்தேன்.

விடியற்காலையில் அந்த அறையைத் திறந்தபோது அனல் முகத்தில் அடித்தது. வெள்ளை முயல் பக்கவாட்டில் நீட்டிப் படுத்திருந்தது. வாய் திறந்திருந்தது. காதைத் தொட்டால் சுட்டது. தாடைக்குக் கீழே முடியெல்லாம் எச்சிலில் நனைந்து ஒட்டியிருந்தது. ஏழு மணிக்குள் போய்விட்டது. சாம்பல் முயலை எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது: "புகை கொல்லலம்மா, புழுக்கம் கொன்னுருச்சு."

புகையிலிருந்து காப்பாற்றுகிறேன் என்று வெக்கையில் சாகவிடக் கூடாது. எங்கள் கரையில் இதுதான் முதல் விஷயம். 2020 செப்டம்பரில் கலிபோர்னியாவில் காட்டுத்தீப் புகையால் சான் பிரான்சிஸ்கோ வானமே ஆரஞ்சு நிறமானதே, அந்த மாதிரி இடங்களுக்குச் சொல்கிற அறிவுரை 'சன்னலை அடை, ஏசியைப் போடு' என்பது. ஏசியும் கரண்ட்டும் இருக்கிற வீட்டுக்கு அது சரிதான். வைகாசி வெயிலில், ஓட்டு வீட்டில், கரண்ட் போன ராத்திரியில் அதைப் பாதி மட்டும் செய்தால் என் வீட்டில் நடந்ததுதான் நடக்கும்.

முயலின் உடம்பு அப்படி. அதற்கு நம்மைப் போல வியர்க்காது. நாயைப் போல நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துச் சூட்டைக் கழிக்கவும் முடியாது. உடம்புச் சூட்டில் பெரும்பகுதி காது வழியாகத்தான் வெளியேற வேண்டும். 15லிருந்து 20 டிகிரி வரை அதற்குச் சுகம், 30ஐத் தாண்டினாலே ஆபத்து. மூச்சோ மூக்கு வழியாக மட்டும்தான். மூக்கடைத்தால் நாம் வாயால் இழுத்துச் சமாளிப்போம், முயல் உயிர் போகிற நிலையில்தான் வாயைத் திறக்கும். வயிறு பெரிதாக இருக்கிற அந்த உடம்பில் நெஞ்சுக்கூடு ரொம்பச் சின்னது. அதனால் புகையில் தவிக்கிற முயலை நெஞ்சோடு இறுக்கிப் பிடிக்கவோ மல்லாக்கப் போடவோ கூடாது. பயத்தில் குழந்தைகள் அப்படித்தான் தூக்குவார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சரி, அடைக்கவும் வேண்டும், திறக்கவும் வேண்டும் என்றால் எப்போது எதைச் செய்வது? கடற்கரையில் இருப்பவர்களுக்கு ஒரு பெரிய வசதி, காற்று நேரத்துக்கு நேரம் திசை மாறும். ராத்திரியில் நிலம் குளிர்ந்ததும் காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகும். அந்த நேரத்தில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கிடப்பதால் புகையும் மேலே ஏறாமல் தாழ்வாகவே நிற்கும். அதனால்தான் வடக்கே எரிகிற புகை பின்ராத்திரியிலிருந்து விடியும் வரை எங்கள் வீடுகளுக்குள் வந்து படுத்துக்கொள்கிறது. வெயில் ஏறி, முற்பகலில் கடல்காற்று எழுந்துவிட்டால் புகையைத் திருப்பி உள்நாட்டுக்குத் தள்ளிவிடும்.

ஆகவே பின்ராத்திரியில் வடபக்கம் முழுக்க அடைப்பேன். கடல்காற்று எழுந்து, மூக்கில் புகைவாடை போய் உப்புவாடை வந்ததும் தென்பக்கச் சன்னல்களை எல்லாம் திறந்துவிடுவேன். அந்த சில மணி நேரத்தில் வீடு கழுவிவிட்ட மாதிரி ஆகிவிடும். மேற்கேயிருந்து கச்சான் காற்று வேகமாக அடிக்கிற ஆனி, ஆடியில் இந்தக் கணக்கு செல்லாது, மேற்கே எரிந்தால் பகலிலும் புகை வரும். சன்னல் கம்பியில் ஒரு நூலைக் கட்டித் தொங்கவிட்டால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். செல்போனில் காட்டுகிற காற்றுத் தர எண்ணையும் பாருங்கள், நம் நாட்டு அளவில் 200ஐத் தாண்டினால் 'மோசம்' என்று கணக்கு. ஆனால் அளக்கிற கருவி எங்கோ டவுனில் இருக்கும், தீ உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும்.

அப்புறம் அறை. சமையலறை வேண்டாம், சாமான் அறை வேண்டவே வேண்டாம். தளம் போட்ட, டைல்ஸ் தரையுள்ள, கடல் பக்கம் ஒரு சன்னலாவது இருக்கிற அறை நல்லது. ஓட்டு வீடாக இருந்தால் எத்தனை துண்டைத் திணித்தாலும் ஓட்டு இடுக்கில் புகை இறங்கும், அதோடு மல்லுக்கட்டாமல் தளம் போட்ட பக்கத்து வீட்டில் கேட்டு வைத்துவிடுங்கள். கொசுவர்த்தி, சாம்பிராணி, ஊதுபத்தி, விறகடுப்பு எதுவும் அன்றைக்கு வேண்டாம். வெளியே வருகிற புகைக்குப் பயந்து அடைத்த வீட்டுக்குள் கொசுவர்த்தி கொளுத்தி வைத்திருப்பதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

சன்னலில் ஈரச்சாக்கு தொங்கவிடுவது பற்றி நிறையப் பேர் சொல்வார்கள். அது பறந்து வருகிற சாம்பலைப் பிடிக்கும். நுரையீரலுக்குள் போய்த் தங்குகிற தூசி பிஎம் 2.5, அதாவது 2.5 மைக்ரான், அதற்கும் சிறியது. நம் தலைமுடியின் பருமனில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. சாக்கு அதைத் தடுக்காது. அதோடு, ஏற்கெனவே கசகசக்கிற கடலோரக் காற்றில் ஈரத்தைக் கூட்டினால் முயலுக்குப் புழுக்கம்தான் அதிகமாகும். அந்தத் தூசியைப் பிடிக்க ஹெப்பா ஃபில்டர் உள்ள ஏர் பியூரிஃபையர் வேண்டும். வாங்க வசதியில்லை என்றால் மின்விசிறியோடு நல்ல ஃபில்டர்களைச் சேர்த்துப் பெட்டி மாதிரி ஒட்டிச் செய்துகொள்ளலாம், 2020ல் அமெரிக்காவில் கோர்சி, ரோசன்தால் என்ற இருவர் பரப்பிய முறை அது, காட்டுத்தீப் புகைக்கும் அங்கே நன்றாகப் பயன்பட்டது. ஓசோன் விடுகிற கருவிகளை மட்டும் வாங்கிவிடாதீர்கள், ஓசோனே நுரையீரலுக்குக் கெடுதல். இன்னொன்று, எந்த ஃபில்டரும் கார்பன் மோனாக்சைடைப் பிடிக்காது. தழலில்லாமல் கனன்று புகைகிற நெருப்பில் அது அதிகம், கரிமூட்டம் அப்படிப்பட்ட நெருப்புதான். பக்கத்திலேயே புகைந்தால் அறையைத் தேடாதீர்கள், இடத்தை விட்டுக் கிளம்புங்கள்.

வெக்கைக்கு எங்களிடம் நல்ல மருந்து இருக்கிறது. மீன் இறங்குகிற கரை என்பதால் ஐஸ் கம்பெனி பக்கத்திலேயே உண்டு. கோடை முழுக்க இரண்டு லிட்டர் பாட்டில் நாலைந்தில் தண்ணீர் உறைய வைத்திருப்பேன், கரண்ட் போனால் உடைத்த ஐஸ் வாங்கி வந்து பாட்டிலில் அடைப்பேன். அதைத் துணியில் சுற்றிக் கூண்டின் ஒரு பக்கம் மட்டும் வைக்க வேண்டும். வேண்டும்போது முயல் அதன்மேல் சாய்ந்துகொள்ளும், போதுமென்றால் தள்ளிப் போகும். தரைக்கு ஒரு கடப்பாக்கல். வெறும் ஃபேன் காற்று முயலைக் குளிர்விக்காது, வியர்வை இல்லையே. பாட்டிலைத் தொட்டு வருகிற காற்றாக இருந்தால் பலன் உண்டு. காதைக் குளிர்ந்த தண்ணீரால் தடவிக் கொடுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கி எடுப்பது மட்டும் கூடாது, அந்த அதிர்ச்சியிலேயே செத்துவிடும்.

அன்று காலை நான் கற்ற இன்னொன்று, மூச்சை எண்ணுவது. முயல் வேட்டைக்கு ஆளாகிற பிராணி, நோவை மறைத்துக்கொள்ளும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது விலாப்பக்கம் ஏறி இறங்குவதைப் பார்த்து 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30லிருந்து 60 வரை சரி. நல்ல நாளில் உங்கள் முயலுக்கு எத்தனை என்று தெரிந்து வைத்திருந்தால்தான் கெட்ட நாளில் வித்தியாசம் தெரியும். என் மகள் நோட்டில் தேதி போட்டு எழுதி வைக்கிறாள், எங்கள் சாம்பல் முயலுக்குச் சாதாரணமாக 44, 48 வரும். மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து அடங்குவது, தலையை மேலே தூக்கிக்கொண்டு உட்கார்வது, முன்னங்கால் உள்பக்க முடி ஈரமாகத் திரிந்து கிடப்பது (மூக்கை அதில்தான் துடைக்கும்) எல்லாம் தொந்தரவின் அடையாளம். உதடு நீலம் பூத்தாலோ வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ அப்போதே கிளம்ப வேண்டும். மருத்துவர் முதலில் கொடுப்பது ஆக்சிஜன், அதை வீட்டில் கொடுக்க முடியாது.

சாப்பாடும் புழுக்கையும் இன்னொரு கணக்கு. பயத்திலும் புகையிலும் முயல் தின்பதை நிறுத்தினால் குடல் நின்றுவிடும். அரைநாள் எதுவும் தின்னவில்லை, புழுக்கை இல்லை என்றால் அதுவே அவசரம். காய்ந்த புல் எப்போதும் முன்னால் இருக்கட்டும். சாம்பல் படிந்த அருகம்புல்லையும் வேலிமசால் தழையையும் நன்றாக அலசி ஈரத்தோடு கொடுத்தால் தண்ணீரும் உள்ளே போகும். வெளியே திறந்து கிடந்து புகைவாடை ஏறிய வைக்கோலைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். வீட்டில் மிச்சமிருக்கிற மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. முயலுக்கும் கினி பன்றிக்கும் வாய் வழியாக அமாக்ஸிசிலின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைக் கொடுத்தால் குடலிலுள்ள நல்ல கிருமிகள் அழிந்து உயிரே போகும்.

கினி பன்றிக்கும் ஏறக்குறைய இதே கவனிப்புதான். அதன் உடம்பு வைட்டமின் சி தயாரிக்காது, அதனால் அந்த நாட்களில் கொஞ்சம் கொய்யாவும் குடைமிளகாயும் கொடுங்கள்.

லவ் பேர்ட்ஸ் இருந்தால் முதலில் வெளியேற்ற வேண்டியது அவைதான். பறவைக்கு நுரையீரலோடு காற்றுப்பைகளும் உண்டு, மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் புதுக்காற்று நுரையீரல் வழியே போகும். அதனால் விஷமும் சீக்கிரம் ஏறும். பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கங்களில் விஷவாயுவைக் கண்டுபிடிக்க 1986 வரை கேனரிப் பறவையைக் கூண்டோடு கொண்டுபோனது இதனால்தான். சன்னல் அடைத்த வீட்டில் நான்ஸ்டிக் சட்டியைக் காயவிடாதீர்கள், அந்த ஆவியே பறவையைக் கொன்றுவிடும்.

கிளம்புவதென்றால் முயலுக்குக் காற்றோட்டமுள்ள பிளாஸ்டிக் காய்கறிக்கூடை போதும், மேலே ஒரு வலை கட்டுங்கள். தெர்மகோல் மீன்பெட்டியில் போட்டு மூடி எடுத்துப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன், அதில் மூச்சுக்கு வழியில்லை. இரண்டு பறவைக்கூண்டு, ஒரு கூடை, புல், தண்ணீர் என்று சித்திரை பிறந்ததுமே வாசலருகே எடுத்து வைத்துவிடுவோம்.

எங்கள் தெருவுக்கு வடக்கே மூட்டம் போடுகிற மாமா ஒருவர் இருக்கிறார். அவர் பிழைப்பு அது, போடாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனசு வராது. முயல் செத்த மறுவாரம் அவரிடம் போய், "மாமா, மூட்டத்துக்குத் தீ வைக்கிற அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று மட்டும் கேட்டேன். "சொல்றேன் தாயி, பிள்ளை வளக்குற முயலு போச்சாமே" என்றார். அதிலிருந்து தீ வைக்கும் முன் போன் செய்கிறார். அன்றைக்கு மட்டும் கூண்டு தெற்கே என் நாத்தனார் வீட்டுக்குப் போய்விடும்.

புகை அடங்கியதும் வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். மூச்சுக்குழாய் வீக்கம் ஒன்றிரண்டு நாள் கழித்துக்கூட வெளியே தெரியலாம். எங்கள் சாம்பல் முயல் அன்று பிழைத்து வந்தும் இரண்டாம் நாள் மாலையில்தான் மூச்சு 80ஐத் தொட்டது. மறுபடி மருத்துவரிடம் போனோம். ஒரு வாரம் வரை ஓடவிடாமல், விரட்டிப் பிடிக்காமல், காலையும் மாலையும் மூச்சை எண்ணிக்கொண்டே வைத்திருந்தோம். கூண்டைச் சோப்புத்தண்ணீர் விட்டுக் கழுவி, அடியில் படிந்த சாம்பலை ஈரத்துணியால் துடைத்தோம். விளக்குமாறு போட்டால் சாம்பல் திரும்பவும் எழும்பி அதன் மூக்குக்கே போகும்.