ரவுட்டர் இல்லாமல் இரண்டு கணினிகளை லேன் கேபிளால் இணைப்பது எப்படி?

இரண்டு விண்டோஸ் லேப்டாப்புகளை ஒரே கேபிளால் இணைத்தும் ஒன்றையொன்று காணவில்லை, கிராஸ்ஓவர் கேபிள் (இரு முனைகளிலும் கம்பி வரிசை மாறியிருக்கும் கேபிள்) வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அது பழைய 100 எம்பிபிஎஸ் நெட்வொர்க் கார்டுகளின் காலத்துத் தொல்லை; கிகாபிட் போர்ட்டுகள் கம்பிகளின் வரிசையைத் தாங்களே சரிசெய்துகொள்ளும்.

சிக்கல் முகவரியில்தான் இருக்கும். ரவுட்டர் இல்லாததால் ஐபி, அதாவது நெட்வொர்க்கில் கணினியை அடையாளம் காட்டும் எண் முகவரி, கொடுக்க ஆளில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு விண்டோஸ் தானாகவே 169.254 என்று தொடங்கும் ஒன்றை வைத்துக்கொள்ளும். அதிலும் வேலை நடக்கும், ஆனால் மாறக்கூடியது. ஈதர்நெட் அமைப்பில் ஐபிவி4-ஐத் திறந்து, ஒன்றுக்கு 192.168.10.1, மற்றதற்கு 192.168.10.2 என்று நீங்களே கொடுங்கள். இரண்டிலும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0. கேட்வே, டிஎன்எஸ் காலியாகவே இருக்கட்டும்; கேட்வேயை நிரப்பினால் வைஃபை வழியாக வரும் இணையம் குழம்பலாம். உங்கள் வைஃபை முகவரியின் முதல் மூன்று எண்களும் இதேதான் என்றால், இங்கே வேறு எண்களை வையுங்கள்.

அப்புறம் பிங் செய்து, அதாவது மற்ற கணினி பதில் தருகிறதா என்று கேட்கும் கட்டளையை (ping 192.168.10.2) கமாண்ட் பிராம்ப்டில் தட்டிப் பாருங்கள். பதில் வராவிட்டால் உடனே கேபிளைச் சந்தேகிக்க வேண்டாம், பெரும்பாலும் வெளித்தொடர்புகளைத் தடுக்கும் விண்டோஸ் ஃபயர்வால்தான். தெரியாத நெட்வொர்க்கை விண்டோஸ் 'பப்ளிக்' என்று எடுத்துக்கொண்டு பிங்கைத் தடுத்துவிடும். ஃபயர்வாலில் கோப்பு, பிரிண்டர் பகிர்வை அனுமதித்தால் போதும்.

192.168.10.1 கொடுத்த கணினியில் ஃபோல்டரைப் பகிர்ந்துவிட்டு, மற்ற கணினியின் எக்ஸ்ப்ளோரரில் \\192.168.10.1 என்று தட்டுங்கள். அது கேட்கும்போது கொடுப்பது கடவுச்சொல் இல்லாத கணக்கு என்றால் உள்ளே விடாது.