கஜாவுக்குப் பின் தென்னந்தோப்பு: கேள்வி பதில்

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலுக்குப் பின், பேராவூரணிப் பக்கத்து ஊர் நிவாரணக் குழுவில் பணியாற்றிய தென்னை விவசாயி ஒருவரின் பதில்கள்.

கேள்வி: ஊர்மக்கள் முதலில் செய்தது என்ன?

பதில்: சாலையில் கிடந்த மரங்களை அறுத்து வழிவிட்டோம். மின்கம்பங்கள் விழுந்து மோட்டார்கள் நின்றுவிட்டதால், வாடகை ஜெனரேட்டரை டிராக்டரில் ஏற்றித் தெருத்தெருவாகச் சென்று தண்ணீர்த் தொட்டிகளை நிரப்பினோம். நிவாரண லாரிகள் பெரும்பாலும் நெடுஞ்சாலை ஓரத்திலேயே காலியாகிவிட்டன. உள்ளே இருந்த குடியிருப்புகளுக்கு நாங்களே பட்டியல் எழுதி, பொதுச் சமையலில் ஆக்கிய சோற்றைக் கொண்டுசென்றோம்.

கேள்வி: பழைய துணிகளை அனுப்பலாமா?

பதில்: வேண்டாம். தார்ப்பாய் அனுப்புங்கள்.

கேள்வி: சாய்ந்த தென்னையை நிமிர்த்தி நட்டால் பிழைக்குமா?

பதில்: இளங்கன்றாக இருந்து, குருத்து முறியாமல், வேரில் ஒரு பகுதியாவது மண்ணில் பிடிப்போடு இருந்தால் நிமிர்த்தி முட்டுக் கொடுக்கலாம். தென்னைக்கு வளரும் முனை ஒன்றுதான்; அது திருகிப்போன மரம் பச்சையாகத் தெரிந்தாலும் நாளடைவில் பட்டுப்போகும்.

கேள்வி: என் மாமா காய்ப்பு மரத்தையே நிமிர்த்தினார், அது காய்க்கிறது. உங்கள் பதில் விவசாயியின் நம்பிக்கையைக் கெடுக்கிறதே?

பதில்: உங்கள் மாமாவின் மரத்தை நான் மறுக்கவில்லை. வீட்டுக் கொல்லையில் ஒரு மரத்துக்கு அந்தப் பாடு படலாம். ஆனால் நூறு மரம் சாய்ந்தவர் பொக்லைன் வாடகைக்குக் கடன் வாங்கி எல்லாவற்றையும் நிமிர்த்த முனைந்தால், மரமும் போய்க் கடனும் மிஞ்சும். மரத்துக்கு அரசு அறிவித்த 1,100 ரூபாயில் 500 ரூபாய் வெட்டி அகற்றுவதற்கே என்பதையும் எண்ணிப் பாருங்கள். கிடந்து மட்கும் மரத்தில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். நிற்கும் மரங்களின் குருத்தை அது குடையும். அந்தக் காயத்தின் வழியே சிவப்புக் கூன்வண்டு நுழையும். ஆகவே அகற்றுங்கள் என்றே சொல்வேன்.

கேள்வி: காப்பீட்டுப் பணம் எப்போது வரும்?

பதில்: வேளாண் விரிவாக்க மையத்தில் கேளுங்கள்.

கேள்வி: நல்ல நிலையில் உள்ள பழைய சேலைகள்?

பதில்: இரண்டாம் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: புதுக்கன்று காய்க்கும்வரை என்ன செய்வது?

பதில்: நெட்டை ரகம் காய்க்க ஐந்தாறு ஆண்டாகும். அதுவரை ஊடுபயிராக உளுந்தோ கடலையோ போடுங்கள். ஆனால் மட்கிய மரங்களை அகற்றிய பிறகு.