116-க்கு 116: இந்திய வாலிபால் அணி பற்றி வாசகர் கேள்விகள்

இந்திய ஆடவர் வாலிபால் அணியின் வெற்றி தோல்விகளைப் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவரின் கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

ஆசிய விளையாட்டில் இந்தியா வாலிபாலில் பதக்கமே வாங்கியதில்லையா? என் மகன் நம்ப மறுக்கிறான். — ச.ரா., பொள்ளாச்சி

மூன்று முறை வாங்கியிருக்கிறது. 1958 டோக்கியோவில் வெண்கலம், 1962 ஜகார்த்தாவில் வெள்ளி, 1986 சியோலில் மறுபடி வெண்கலம். 1951, 1954 ஆசிய விளையாட்டுகளில் வாலிபாலே கிடையாது. ஆக, ஆட்டம் சேர்க்கப்பட்ட முதல் இரண்டு தடவையும் நம் அணி பதக்க மேடை ஏறியிருக்கிறது. 1958-ல் ஜப்பானுக்குத் தங்கம், ஈரானுக்கு வெள்ளி. 1962-ல் ஜப்பானுக்கு அடுத்து நாம், நமக்கு அடுத்து பாகிஸ்தான். அந்த இரண்டு போட்டிகளிலும் ஆறு பேர் ஆட்டம் தனி, ஒன்பது பேர் ஆட்டம் தனி என்று இரண்டு பிரிவு இருந்தது. நம் பதக்கங்கள் ஆறு பேர் பிரிவில் வந்தவை. பழைய பட்டியலைப் பார்ப்பவர்கள் இதில் குழம்புவது வழக்கம்.

அந்தக் காலத்து அணி திடீரென்று முளைத்ததல்ல. மாநிலங்களுக்கிடையேயான போட்டி 1936-லேயே லாகூரில் தொடங்கிவிட்டது. 1951-ல் இந்திய வாலிபால் கூட்டமைப்பு உருவானது. மறு வருடமே மாஸ்கோ உலகச் சாம்பியன்ஷிப்பில் இந்தியா எட்டாமிடம் பிடித்தது. அர்ஜுனா விருது தொடங்கிய 1961-லேயே வாலிபாலுக்கு ஏ. பழனிசாமி அதைப் பெற்றார்.

மகனுக்கு இன்னொரு கணக்கும் சொல்லுங்கள். 1958 முதல் 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டு வரை ஆறு பேர் ஆட்டத்தில் மொத்தம் 17 ஆடவர் தங்கங்கள். ஜப்பான் 8, தென்கொரியா 3, சீனா 3, ஈரான் 3. ஐந்தாவது நாடு எதுவும் இதுவரை உள்ளே நுழையவில்லை.

தாத்தா வைத்திருந்த பழைய நாளிதழ்த் துணுக்குகளில் 15-4, 13-15 என்று ஸ்கோர் இருக்கிறது. அப்போது செட் சீக்கிரம் முடிந்துவிடுமா? — ப.வெ., காரைக்குடி

எதிர்மாறு. பல செட்கள் இன்றைய 25 புள்ளி செட்டைவிட நீளமாகப் போகும். அன்று சர்வீஸ் போடும் அணிக்கு மட்டுமே புள்ளி. சர்வீஸை எதிர்கொண்டு எடுத்த அணி அந்தப் பந்தை வென்றால் சர்வீஸ் கைமாறும், பலகையில் எண் நகராது. இரண்டு அணிகளும் நன்றாகத் தாக்கினால் பத்துப் பதினைந்து முறை சர்வீஸ் மாறியும் ஸ்கோர் 7-7-லேயே நிற்கும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: சர்வீஸை வலையில் அடித்தால் புள்ளி போகாது, சர்வீஸ் மட்டும் போகும். இன்று ஒவ்வொரு தவறான சர்வீஸும் எதிரணிக்கு ஒரு புள்ளி. ஆகவே 15-4 என்பதை ‘ஒரே அடியில் நசுக்கிவிட்டார்கள்’ என்று படிக்க வேண்டாம். அதற்குள் ஐம்பது அறுபது ராலி (சர்வீஸில் தொடங்கிப் பந்து விழும்வரை ஒரு ராலி) இருந்திருக்கலாம். 1980களின் இறுதியில் ஐந்தாவது செட்டுக்கு மட்டும் ஒவ்வொரு ராலிக்கும் புள்ளி என்ற முறை வந்தது. எல்லா செட்டுக்கும் அதே முறை, முதல் நான்கு செட்டுக்கு 25 புள்ளி, ஐந்தாவதுக்கு 15 என்பது 1998-ல் முடிவானது. பின்வரிசையில் மட்டும் ஆடும் லிபரோவும் அந்த வருடம்தான் விதிப்புத்தகத்துக்குள் வந்தார். 1986 வெண்கலம் முழுக்கப் பழைய கணக்கில் வென்றது.

1962-ல் வெள்ளி. அடுத்த பதக்கத்துக்கு 24 வருடம். அப்படி என்னதான் ஆயிற்று? — த.நா., வேலூர்

நம் ஆட்டக்காரர்கள் சோடை போனார்கள் என்று சொல்வது சுலபம். எங்கள் பார்வையில் அது பாதி உண்மைகூட இல்லை. நாம் நின்ற இடத்தில் நின்றோம், ஆட்டம் நகர்ந்துவிட்டது.

1964-ல் வாலிபால் ஒலிம்பிக்கில் நுழைந்தது. ஜப்பான் ஆடவருக்கு வெண்கலம்தான் கிடைத்தது. பயிற்சியாளர் மட்சுதைரா அதற்குப் பிறகு எட்டு வருடத் திட்டம் போட்டார். 1968 மெக்சிகோவில் வெள்ளி, 1972 மியூனிக்கில் தங்கம். உயரத்தில் ஐரோப்பியர்களோடு போட்டி போட முடியாது என்று தெரிந்து, நேரக் கணக்கை வைத்து விளையாடியதுதான் அவர்கள் வழி. நடு ஆட்டக்காரர், அடிப்பதற்குப் பந்தைத் தூக்கிப்போடும் செட்டரின் கையைப் பந்து தொடும்போதே காற்றில் இருப்பார். அவரைத் தடுக்க எதிரணி பிளாக்கர் எழும்புவார். பந்து அவருக்கு வராது. அவர் பின்னாலிருந்து அரை நொடி தாமதித்து ஓடிவரும் இன்னொருவருக்குப் போகும். பிளாக்கர் அப்போது கீழே இறங்கிக்கொண்டிருப்பார். ஒரே ஆள் குதிப்பதுபோல் பாவனை செய்து, ஒரு கணம் நிறுத்திப் பிறகு குதிப்பதும் இதே குடும்பத்து வித்தைதான்.

இந்த முறைக்கு ஒரே ஒரு நிபந்தனை: எதிரணி சர்வீஸை எடுத்துத் தரும் முதல் பாஸ் செட்டரின் தலைக்கு மேல் வந்து விழ வேண்டும். பாஸ் இரண்டு மீட்டர் பின்வாங்கினாலே நடு ஆட்டக்காரர் கணக்கிலிருந்து போய்விடுவார். மிச்சம் இருப்பது ஓரத்துக்கு உயரமாகப் போடும் பந்துதான். அந்த உயரப் பந்தை ஓங்கி அடிப்பதில் இந்திய ஆட்டக்காரர்கள் எந்தக் காலத்திலும் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் உயரப் பந்துக்கு எதிரணியின் இரண்டு மூன்று பேர் பிளாக்குக்கு வந்து சேர நேரம் கிடைத்துவிடுகிறது. விதிகளும் பிளாக்குக்குச் சாதகமாக மாறின. 1960களின் நடுவில் பிளாக்கர் கையை வலைக்கு மேல் எதிர்ப்பக்கம் நீட்டலாம் என்றானது. 1976 முதல் பிளாக்கில் படும் தொடுகை மூன்று தொடுகைகளில் ஒன்றாக எண்ணப்படுவதில்லை. இரண்டும் உயரமான அணிக்கு லாபம்.

இதற்கிடையே தென்கொரியா எழுந்தது, 1974-ல் சீனாவும் ஆசிய விளையாட்டுக்குள் வந்தது. மேடையில் மூன்றே இடம். அதற்கு மூன்று கனமான அணிகள். 1982 டெல்லியில், சொந்த மண்ணிலும், அந்த மூவருக்குப் பின்னால் நான்காமிடம்தான்.

ஜிம்மி ஜார்ஜ் இல்லாமல் 1986 வெண்கலம் வந்திருக்குமா? — அ.ஜோ., நாகர்கோவில்

வந்திருக்காது என்று தைரியமாகச் சொல்லலாம், ஆனால் அவர் ஒருவரால் மட்டும் வந்ததும் அல்ல. கேரளத்தின் கண்ணூர் மாவட்டம் பேராவூரில் 1955-ல் பிறந்தவர். 21 வயதில் அர்ஜுனா விருது. அபுதாபியிலும் பிறகு இத்தாலியிலும் கிளப் ஆட்டக்காரராக இருந்தார். அன்று உலகின் கடினமான லீக் இத்தாலியில்தான் நடந்தது. வருடம் முழுக்க அந்த பிளாக்குகளுக்கு எதிரே அடித்துப் பழகியவர் சியோலில் ஆடியபோது ஜப்பானின் பிளாக் அவருக்குப் புதிதாக இருந்திருக்காது. கூடவே சிரில் வள்ளூர், உதயகுமார், அப்துல் பாசித் என்று நல்ல அணி. ஜப்பானை வென்றார்கள், சீனா, தென்கொரியாவுக்கு அடுத்து மூன்றாமிடம். ஜிம்மி 1987 நவம்பர் 30 அன்று இத்தாலியில் கார் விபத்தில் இறந்தார். 32 வயது. திருவனந்தபுரத்தில் உள்ளரங்கம் ஒன்று அவர் பெயரில் இருக்கிறது.

இளையோர் அணிகள் உலக அளவில் சாதித்தனவாமே? — ர.மு., தேனி

ஆமாம். 2003-ல் தாய்லாந்தில் நடந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகச் சாம்பியன்ஷிப்பில் பிரேசிலுக்கு அடுத்து இந்தியா இரண்டாமிடம். 2009-ல் புனேயில் 21 வயதுக்குட்பட்டோரில் நான்காமிடம். அந்தப் பையன்கள் 25 வயதில் எங்கே போனார்கள் என்றுதான் கேட்க வேண்டும். பெரும்பாலும் ரயில்வே, ராணுவம், போலீஸ், பொதுத்துறை அணிகளில் வேலைக்குப் போனார்கள். வேலை கிடைப்பது நல்லதுதான். ஆனால் அவர்களோடு 2003-ல் ஆடிய பிரேசில் பையன் அடுத்த ஆறு வருடமும் தன்னைவிட உயரமானவர்களுக்கு எதிரே லீக் ஆடிக்கொண்டிருந்தான். போதாக்குறைக்கு நிர்வாகச் சண்டை வேறு. கூட்டமைப்பை 2016 டிசம்பரில் சர்வதேசச் சம்மேளனம் இடைநீக்கம் செய்யும் அளவுக்கு அது முற்றியது.

2023-ல் தென்கொரியாவை வென்றது குருட்டு அதிர்ஷ்டமா? — வி.சு., ஈரோடு

செட் ஸ்கோர்களை எழுதிக் கூட்டிப் பாருங்கள். ஹாங்சோவில் செப்டம்பர் 20 அன்று நடந்த ஆட்டம்: 25-27, 29-27, 25-22, 20-25, 17-15. இந்தியா 116 புள்ளி, கொரியா 116 புள்ளி. தோற்ற இரண்டு செட்டிலும் சேர்த்து 7 புள்ளி பின்தங்கினோம், வென்ற மூன்றிலும் சேர்த்து 7 புள்ளி முந்தினோம். இரண்டு அணியும் அன்று சமம். செட் முடியும் கட்டத்தில் தவறாமல் ஆடியவர்கள் நாம். இரண்டாவது செட்டை 29-27 என்று எடுக்காமல் விட்டிருந்தால் 0-2 ஆகியிருக்கும். ஆட்டம் திரும்பியது அங்கேதான். அன்று உலகத் தரவரிசையில் இந்தியா 73, கொரியா 27. 1966 முதல் ஒவ்வொரு ஆசிய விளையாட்டிலும் பதக்கத்தோடு திரும்பிய கொரிய ஆடவர் அணி அந்த முறை வெறுங்கையோடு போனது.

பிறகு சீன தைபேயை 3-0 என்று வென்றோம். கால் இறுதியில் ஜப்பானிடம் 0-3, ஐந்தாமிடத்துக்கான ஆட்டத்தில் பாகிஸ்தானிடம் 0-3. முடிவில் ஆறாமிடம். முந்தைய 2018-ல் 12-வது என்பதை நினைத்தால் ஏற்றம்தான். ஒரு பெரிய ஆட்டத்தை வெல்ல முடிகிறது, ஒரு வாரம் முழுக்க அதே தரத்தில் ஆட முடியவில்லை.

அந்த அணியில் தமிழ்நாட்டுக்காரர்கள் உண்டா? — பெயர் வேண்டாம், திருச்சி

உண்டு. செட்டர் மோகன் உக்கிரபாண்டியன். முந்தைய தலைமுறையில் ஜி.இ. ஸ்ரீதரன்: அர்ஜுனா விருது பெற்ற ஆட்டக்காரர், பிறகு தேசியப் பயிற்சியாளர்.

ஒலிம்பிக்குக்கு ஒருமுறைகூடப் போகவில்லை. வழிதான் என்ன? — கோ.ச., சேலம்

ஒலிம்பிக்கில் ஆடவருக்கு மொத்தமே 12 அணிகள். பாரிஸ் 2024-க்குப் போட்டி நடத்திய நாடு 1, தகுதிப் போட்டிகள் வழியாக 6, தரவரிசைப்படி 5. அந்தத் தகுதிப் போட்டிகளிலும் ஆடத் தரவரிசையில் முதல் 24-க்குள் இருக்க வேண்டும். எல்லா வழியும் தரவரிசையில் போய் முட்டுகிறது.

2020 முதல் தரவரிசை ஆட்டத்துக்கு ஆட்டம் மாறுகிறது. 3-0 வெற்றிக்கு 2, 3-1 என்றால் 1.5, 3-2 என்றால் 1. தோற்றவர்களுக்கு அதே எண்கள் மைனஸில். இரு அணிகளின் தற்போதைய புள்ளிகளை வைத்து ‘என்ன முடிவு எதிர்பார்க்கலாம்’ என்று ஓர் எண் கணிப்பார்கள். நடந்ததிலிருந்து அதைக் கழித்து, போட்டியின் எடையால் பெருக்கி, 8-ஆல் வகுப்பார்கள். எடை ஒலிம்பிக்குக்கு 50, உலகச் சாம்பியன்ஷிப்புக்கு 45, முன்னணி நாடுகள் ஆண்டுதோறும் ஆடும் நேஷன்ஸ் லீகுக்கு 40. இடிப்பது இங்கேதான்: நேஷன்ஸ் லீக் முதற்கட்டத்தில் மட்டும் ஓர் அணிக்கு 12 ஆட்டம், அதில் இந்தியா இல்லை. எடை கூடிய ஆட்டமே கிடைக்காதவர்கள் எதைப் பெருக்குவது?

லாஸ் ஏஞ்சலஸ் 2028-க்கு 2026 கண்டச் சாம்பியன்களுக்கு நேரடி இடம் என்று விதி மாறியிருக்கிறது. ஆசியாவில் அந்த ஒற்றை இடத்துக்கு ஜப்பானையும் ஈரானையும் தாண்ட வேண்டும். ஈரான் 2014, 2018, 2023 என்று ஆசிய விளையாட்டில் தொடர்ந்து மூன்று தங்கம் வென்ற அணி.

பிரைம் வாலிபால் லீக் வந்த பிறகு அணி முன்னேறியிருக்கிறதா? — மா.லெ., தூத்துக்குடி

சம்பளமும் வெளிநாட்டு ஆட்டக்காரர்களோடு ஆடும் பழக்கமும் கிடைக்கின்றன. ஒரே உறுத்தல்: அங்கே செட் 15 புள்ளி, சர்வதேசத்தில் 25. இருபதாவது புள்ளிக்கு மேல் களைப்போடு சர்வீஸ் எடுக்கும் பயிற்சி 15-ல் முடியும் செட்டில் வராது.

நான் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். எதிரணி சர்வீஸை எடுக்கும் முதல் பாஸ்தான் முக்கியம் என்கிறீர்கள். என் பையன்களுக்கு அதை எப்படி அளந்து சொல்லிக்கொடுப்பது? — செ.பா., புதுக்கோட்டை

முதலில் நிறுத்தும் இடம். ஐந்து பேரைப் பரப்பி நிறுத்தும் பழைய முறையை விடுங்கள். மூன்று பேர் போதும்: லிபரோவும் ஓர ஆட்டக்காரர் இருவரும். 9 மீட்டர் அகலத்தில் ஆளுக்கு 3 மீட்டர். குதித்து அடிக்கும் சர்வீஸுக்கு வலையிலிருந்து 7 முதல் 8 மீட்டர் தள்ளி நிற்கட்டும். மணிக்கு 110 கிலோமீட்டரில் வரும் பந்து அரை வினாடிக்குச் சற்று மேல்தான் எடுக்கும்; பின்னால் நகர நேரம் இருக்காது. சுழலாமல் மிதந்து வரும் சர்வீஸுக்கு ஒரு எட்டு முன்னால் வந்து, முடிந்தால் விரல்களால் மேலேயே எடுக்கட்டும். கீழே இறங்க விட்டால்தான் அது ஆடும்.

போய்ச் சேர வேண்டிய இடம்: வலது ஓரக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 3 மீட்டர், வலையிலிருந்து ஒரு மீட்டருக்குள். தரையில் சுண்ணாம்பால் வட்டம் போடுங்கள்.

மதிப்பெண் இப்படி. செட்டர் மூன்று பக்கமும் போட முடிந்தால் 3. இரண்டு பக்கம் மட்டும் என்றால் 2. ஓரத்துக்கு உயரப் பந்து ஒன்றுதான் வழி என்றால் 1. நேரே புள்ளி போனால் 0. ஒரு பையனுக்கு 20 சர்வீஸ் போட்டுக் கூட்டுங்கள். 40 வந்தால் சராசரி 2. பள்ளி அளவில் அது நல்ல எண். கூட்டல் மட்டும் போதாது, 0 எத்தனை என்று தனியாகக் குறியுங்கள். 3, 3, 0, 2 என்று எடுப்பவனைவிட 2, 2, 2, 2 என்று எடுப்பவன் ஆட்டத்தில் பயன்படுவான்.

அடிக்கடி வரும் கோளாறுகள் மூன்று. ஒன்று, பந்து பட்டதும் கையை வீசுவது. பந்து வலையைத் தாண்டிப் போய் எதிரணிக்கு விருந்தாகும். வேகமான சர்வீஸுக்குக் கையை அசைக்காமல் சாய்வை மட்டும் சரிசெய்யச் சொல்லுங்கள். இரண்டு, இருவருக்கு நடுவே விழும் பந்தை இருவருமே விட்டுவிடுவது. அந்தப் பந்து யாருடையது என்பதை சர்வீஸுக்கு முன்பே வாய்விட்டுச் சொல்ல வேண்டும், லிபரோ பக்கம் என்றால் எப்போதும் லிபரோ. மூன்று, தோள் இலக்கை விட்டு விலகி நிற்பது. இடது பின்மூலையில் எடுப்பவன் இடது காலைச் சற்று முன்வைத்து நின்றால் தோள் தானாக வலப்பக்கம் இலக்கை நோக்கித் திரும்பும்.

பயிற்சியின் தொடக்கத்தில் புத்துணர்ச்சியோடு இருக்கும்போது ஒருமுறை அளந்துவிட்டு, கடைசிப் பத்து நிமிடத்தில் மறுபடி அளந்து பாருங்கள். இரண்டு எண்ணுக்கும் நடுவே 0.5-க்கு மேல் இடைவெளி இருந்தால் கையைவிடக் கால்களுக்குத்தான் வேலை கொடுக்க வேண்டும்.