தாயுமானவர் சன்னதி வரை

அன்புள்ள சார்,

எனக்கு வயது 36. திருச்சியில் ஒரு தனியார் கம்பெனியில் பதினோரு வருடமாக அக்கவுண்ட்ஸ் வேலை. எடை 87 கிலோ. தைராய்டு, சர்க்கரை எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை. மூன்று தடவை ஜிம்முக்கு வருடக் கட்டணம் கட்டி, மூன்று தடவையும் இரண்டு மாதத்தில் நின்றுவிட்டேன். ஒருமுறை அரிசி, கோதுமையை விட்டுச் சாப்பிடும் பேலியோ டயட்டில் 12 கிலோ குறைந்தது; அடுத்த வருடமே 14 கிலோ ஏறிவிட்டது. காஸ்ட் அக்கவுண்டன்ட் ஆவதற்கான சி.எம்.ஏ. படிப்பின் இன்டரில் ஒரு குரூப் முடித்தேன், இன்னொன்று வருடக்கணக்காகக் கிடக்கிறது. முதலில் எடையைக் குறைத்து, கொஞ்சம் தன்னம்பிக்கை வந்ததும் பரீட்சை எழுதி வேறு வேலை தேடலாம் என்றிருக்கிறேன். தினமும் ராத்திரி மோட்டிவேஷன் வீடியோ பார்க்கிறேன். அப்போது வருகிற வேகம் காலையில் இருப்பதில்லை. போன மாதம் மகளோடு மலைக்கோட்டைக்குப் போனோம். நான் ஏறும் வழியில் இருக்கும் தாயுமானவர் சன்னதியோடு உட்கார்ந்துவிட்டேன், அவள் அத்தையோடு மேலே போனாள். ஆபீஸிலும் அப்படித்தான். ஜி.எஸ்.டி. கணக்கில் நான் கண்டுபிடித்த ஒரு தப்பை மேனேஜர் தன் பெயரில் முதலாளியிடம் சொல்லிக்கொண்டார். பேசாமல் இருந்துவிட்டேன். நிலைத்து நிற்கிற மாதிரி ஒரு உந்துதல் எங்கிருந்து வரும்?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

உங்கள் மூன்று பக்கக் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். வெட்டியதில் பெரும்பகுதி, இளைத்த பிறகு நீங்கள் எப்படி இருப்பீர்கள் என்கிற வர்ணனை. எந்தச் சேலை, எந்தக் கல்யாணம், யார் யார் வாயடைத்துப் போவார்கள் என்பது வரை. நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தந்ததும் அந்தப் பகுதிதான்.

காப்ரியேல் ஓட்டிங்கன் என்று ஜெர்மனியைச் சேர்ந்த ஓர் உளவியலாளர். எடைக்குறைப்புத் திட்டம் ஒன்றில் சேர்ந்த 25 பெண்களை ஒரு வருடம் கவனித்து, 1991இல் அந்த ஆய்வை வெளியிட்டார். ‘என்னால் முடியும்’ என்ற எதிர்பார்ப்போடு வந்தவர்களுக்கு எடை நன்றாகவே குறைந்தது. ஆனால் இளைத்துப்போன தன்னை மனதில் அழகழகாக ஓட்டிப் பார்த்தவர்களுக்கு, அப்படிப் பார்க்காதவர்களைவிடச் சுமார் 11 கிலோ குறைவாகத்தான் இறங்கியது. பிறகு படிப்பு முடித்து வேலை தேடிய ஜெர்மன் மாணவர்களிடமும் இதையே பார்த்தார். நல்ல வேலை கிடைத்துவிட்டதாக அடிக்கடி கனவு கண்டவர்கள், இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், குறைவாகவே விண்ணப்பம் போட்டிருந்தார்கள். சம்பளமும் குறைவு.

உங்கள் ராத்திரி வீடியோ செய்வதும் இதுதான் என்று நினைக்கிறேன். பதினொரு மணிக்கே மனசு மலை ஏறி, சேலை கட்டி, பாராட்டெல்லாம் வாங்கி வந்துவிடுகிறது. காலையில் ஐந்தரைக்கு அலாரம் அடித்தால், அதான் போய்விட்டு வந்தாயிற்றே என்று புரண்டு படுக்கிறது. அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டிப் பயனில்லை. சாப்பிட்டு முடித்தவரைப் பந்திக்குக் கூப்பிட்டால் அவர் எப்படி வருவார்?

திரும்ப ஏறிய 14 கிலோவுக்காக நீங்கள் உங்களையே வைதிருக்கும் பத்தியையும் வெட்டிவிட்டேன். எடை வேகமாக இறங்கினால் உடம்பு அதைப் பஞ்சம் என்றுதான் எடுத்துக்கொள்ளும். பசியைக் கூட்டும், செலவைக் குறைக்கும். அமெரிக்காவில் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றுக்காக ஏராளமாக இளைத்த 14 பேரை ஆறு வருடம் கழித்துச் சோதித்தார்கள். 2016இல் வந்த அந்த ஆய்வின்படி, எடை பெரும்பாலும் திரும்பிய பிறகும் அவர்கள் உடம்பு எதிர்பார்த்ததைவிட தினமும் சராசரியாக 500 கலோரி குறைவாகவே செலவழித்துக்கொண்டிருந்தது. சரி, அது உங்கள் தப்பில்லை. ஆனால் அவசரப்பட்டால் மறுபடியும் இதேதான் நடக்கும்.

என் கதையும் ஒன்று உண்டு. ஒரு கல்யாணப் பந்தியில் சித்தப்பா முறையுள்ளவர், “இவனுக்கு ரெண்டு இலையாப் போடுங்கப்பா” என்றார். அந்த ரோஷத்தில் நாலு மாதத்தில் 9 கிலோ குறைத்தேன். அடுத்த கல்யாணத்தில் அதே மனிதர், “என்னப்பா, சுகர் வந்துடுச்சா?” என்று கேட்டார். அதோடு ரோஷம் போயிற்று, எடை திரும்பிற்று. நாலைந்து வருடம் கழித்து ஊரில் அப்பாவோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அப்பாவுக்கு அப்போது 76. கையை ஊன்றாமல், வேட்டியை ஒரு கையால் பிடித்தபடி ஒரே வீச்சில் எழுந்தார். நான் இடது கையைச் சுவரில் ஊன்றி, முழங்காலில் வலது கையை வைத்து... அவர் ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டினார். அந்தக் கையைப் பிடித்து எழுந்தபோது ஏற்பட்ட உந்துதல் இன்னும் எனக்குள் இருக்கிறது. ஏளனம் இல்லாததால்தான் இருக்கிறதோ என்னவோ. இன்றும் நான் ஒல்லி இல்லை. ஆனால் கை ஊன்றாமல் எழுகிறேன்.

உங்கள் மூன்று பக்கத்தில் இப்படி உயிருள்ள வாக்கியங்கள் இரண்டே இரண்டு. ஒன்று, தாயுமானவர் சன்னதி. மற்றது மேனேஜர். இரண்டையும் ‘அப்படித்தான்’ என்று ஒரே சொல்லில் தாண்டிப் போய்விட்டீர்கள். சேலைக்கு அரைப் பக்கம், மகள் அத்தை கையைப் பிடித்து மேலே போனதற்கு ஒரு வரி! நீங்கள் தேடும் உந்துதல் அந்த வரியில்தான் இருக்கிறது. மலைக்கோட்டைக்கு நானூற்றுச் சொச்சம் படிகள். ஊர்க்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த ஞாயிறு தாயுமானவர் சன்னதி வரை போய், அதற்கு மேல் இருபது படி ஏறி இறங்குங்கள். அடுத்த வாரம் முப்பது. எடை பார்க்கும் மெஷினைக் கொஞ்ச நாள் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். சாப்பாட்டில், சாயங்கால டீயோடு போகும் இரண்டு பஜ்ஜியை ஒன்றாக்குவதோடு இப்போதைக்கு நிறுத்துங்கள். பேலியோ வேண்டாம்.

அப்புறம் வேலை. இதில் உங்களோடு எனக்குச் சண்டையே உண்டு. முதலில் எடை, பிறகு பரீட்சை என்று யார் வரிசை போட்டது? டெபிட், கிரெடிட் எழுத இடுப்பளவு கேட்கிறார்களா? எடையை வாசலில் காவலுக்கு நிறுத்திவிட்டு, அது விடவில்லை என்று நீங்கள் உள்ளேயே உட்கார்ந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. தோற்றுவிடுவோமோ என்ற பயத்துக்கு இது வசதியான மறைவிடம். சி.எம்.ஏ. பரீட்சை வருடத்தில் இரண்டு முறை, ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கிறது. பாடத்திட்டம் 2022இல் மாறிவிட்டதால் பழைய புத்தகங்களைத் தூசி தட்ட வேண்டாம், புதிது வாங்குங்கள். ராத்திரி வீடியோ பார்க்கும் அந்த முக்கால் மணி நேரம் போதும், ஆரம்பிக்க.

வெட்டிய பகுதியில் இன்னொன்றும் இருந்தது. விற்றவர்கள் காட்டிய பில்களின் பட்டியலான ஜி.எஸ்.டி.ஆர்-2பி வந்ததும், வரிக் கணக்கான 3பி போடும் அவசரத்தில் யாரும் ஒத்துப் பார்க்காத பர்ச்சேஸ் பில்களை, நீங்கள் ஒவ்வொன்றாகப் பென்சிலால் டிக் அடித்துப் பார்த்தீர்கள் என்று. கோட்டைவிட இருந்த கிரெடிட், அதாவது வாங்கும்போதே கட்டிய வரிக்கான கழிவு, அதனால் கிடைத்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு ரூபாய் என்று மட்டும் எழுதவில்லை. அந்தத் தொகையைத் தேடி எடுத்து, பயோடேட்டாவில் முதல் வரியாகப் போடுங்கள். எனக்கும் ஒரு வரி எழுதுங்கள், எவ்வளவு என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.