மரபுக் கல்விக்கும் முற்போக்குக் கல்விக்கும் என்ன வித்தியாசம்?

ஆசிரியர் சொல்ல, பிள்ளைகள் கேட்டு மனப்பாடம் செய்து ஒப்பித்தால் அது மரபு முறை. தானே செய்து பார்த்து, கேள்வி கேட்டுக் கற்றால் முற்போக்கு முறை. 1896-இல் சிகாகோவில் ஜான் டூயி என்ற அமெரிக்கக் கல்வியாளர் இதற்கென்றே ஒரு பள்ளி தொடங்கினார். நம் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்த செயல்வழிக் கற்றலும் இதற்குச் சொந்தம்தான்.

அறிவு மூத்தவர் கையிலிருந்து வரும் சொத்து என்கிறது முதலாவது. அனுபவத்தில் விளைவது என்கிறது இரண்டாவது. சண்டையே இங்கேதான்.

காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டில் வெள்ளைப் பணியாரம் சுடக் கற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உழக்கு நிறையப் பச்சரிசி, அதன் தலையில் கோபுரமாக உளுந்து. ஆச்சி சொல்லும் இந்த அளவை அப்படியே ஏற்பதுதான் புத்திசாலித்தனம். ஆனால் எண்ணெய் காய்ந்த பதமும், ஊற்றிய மாவு மேலெழும்பி உப்பியதும் திருப்பிப் போடும் நேரமும் நாலு பணியாரம் பாழான பிறகே கைக்கு வரும். அந்தக் காலத்தில் செட்டியார் கடைகளில் பெட்டியடிப் பையன்கள், அதாவது வேலை பழக வந்த சிறுவர்கள், தொழில் கற்றதும், என் பார்வையில், இந்த இரண்டும் கலந்துதான்.

அப்புறம், முற்போக்கு முறை என்றால் பிள்ளையை இஷ்டத்துக்கு விடுவது என்று பலர் நினைக்கிறார்கள். எந்த வேலையை எப்போது கையில் கொடுப்பது என்று யோசிக்க வேண்டியிருப்பதால் அங்கே ஆசிரியருக்கு வேலை கூடுதல்.