எட்டு மில்லிமீட்டர் சங்கிலிக்கு எத்தனை டன்? கொக்கிகள் குறித்த கேள்வி பதில்

சிங்கப்பூரின் ஜூரோங்கிலும் துவாஸிலும் முப்பது ஆண்டுகள் தூக்கும் கருவிகளைச் சோதித்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். கனமான சுமைகளைக் கட்டும் சங்கிலி, அதன் கொக்கி, அதை இறுக்கும் பைண்டர் ஆகியவை பற்றிக் கேட்டால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கிரேன் ஓட்டும் உரிமத்துக்கும் சம்பள உயர்வுக்கும் என்னிடம் பதில் கிடையாது.

துவாஸ் லாரி ஓட்டுநர்: ஐயா, கிராப் ஹூக், ஸ்லிப் ஹூக் இரண்டில் சுமை கட்ட எது நல்லது?

இரண்டும் வெவ்வேறு வேலைக்கானவை என்பதால் எது நல்லது என்று கேட்பதைவிட எங்கே எது என்று கேட்பதே சரி. கிராப் ஹூக்கின் வாய் ஒரே ஒரு கண்ணியின் தடிமனுக்கு இடம் தரும் குறுகிய பிளவு. அதில் ஒரு கண்ணியைப் பக்கவாட்டில் நுழைத்தால், அடுத்த கண்ணி குறுக்கே நின்று தடுத்துவிடும்; சங்கிலி அந்த இடத்தைவிட்டு அசையாது. நீளமான சங்கிலியை நடுவில் பிடித்துச் சுருக்குவதற்கும், பைண்டரின் இரு முனைகளிலும் சங்கிலியைப் பற்றிக்கொள்வதற்கும் இதுதான் ஏற்றது. ஸ்லிப் ஹூக்கின் வாய் அகலமானது. சங்கிலி அதனுள் தாராளமாக ஓடும். லாரித் தளத்திலுள்ள வளையத்திலோ இயந்திரத்தில் கட்டுவதற்கென்றே உள்ள துளையான கட்டுக்காதிலோ மாட்டுவதற்கு அதைப் பயன்படுத்துங்கள், ஆனால் வாயை மூடிக்கொள்ளும் நாக்குள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். சாலைக் குழியில் லாரி ஒருமுறை தூக்கிப்போட்டுச் சங்கிலி தளர்ந்த அந்தக் கணத்தில், நாக்கில்லாத கொக்கி தானாகவே கழன்றுவிடும்.

கிராப் ஹூக்கில் அளவு மிக முக்கியம். 8 மி.மீ. கொக்கியில் 10 மி.மீ. சங்கிலியைத் திணித்தால் கண்ணி அடிவரை இறங்காமல் நுனியருகிலேயே தொங்கும், 10 மி.மீ. கொக்கியில் 8 மி.மீ. சங்கிலியை இட்டால் கண்ணி சரியாகப் பற்றாமல் நழுவப் பார்க்கும். கண்ணியை இருபுறமும் தாங்கும் சிறகுகள் இல்லாத கிராப் ஹூக்குகளில், சங்கிலியின் திறனில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துக் கணக்கிடும்படி தயாரிப்பாளர்கள் பலர் சொல்கிறார்கள். பட்டியலைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், இன்று பலமுறை சொல்ல நேரும் என்று தெரியும்: கொக்கியின் பலம் அதன் அடிக்குழியில் இருக்கிறது, நுனியில் இல்லை. நுனியில் சுமை ஏற்றாதீர்கள்.

பெனாய் பகுதிக் கிடங்கு மேற்பார்வையாளர்: எங்களிடம் இரண்டு 8 மி.மீ. சங்கிலிகள் உள்ளன. இரண்டும் கிரேடு 80. ஒன்றின் டேக்கில் 2 டன் என்றும், மற்றொன்றின் டேக்கில் 4000 டெக்கா நியூட்டன், அதாவது ஏறக்குறைய 4 டன், என்றும் இருக்கிறது. எது பொய்?

இரண்டுமே உண்மை. கிரேடு 80 என்றால், கண்ணி அறுபடும்போது அதன் குறுக்குவெட்டில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவிசை தாங்கியிருக்கும் என்று பொருள். 8 மி.மீ. கம்பியின் குறுக்குவெட்டு ஏறத்தாழ 50 சதுர மி.மீ.; கண்ணிக்கு இரண்டு கால்கள் என்பதால் 100. அதை 800 ஆல் பெருக்கினால் 80,000 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 8 டன். சங்கிலி அறுவது அங்கேதான். தூக்கும் சங்கிலிக்கு அதை நான்கால் வகுத்து 2 டன் என்று எழுதுகிறார்கள். சுமை கட்டும் சங்கிலிக்கு ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 12195 இரண்டால் வகுத்து 4 டன் என்று எழுதுகிறது. இரும்பு ஒன்றுதான், வகுத்தல்தான் வேறு. கட்டும் சங்கிலியின் டேக்கில், தூக்குவதற்குப் பயன்படுத்தக் கூடாது என்ற வரியும் இருக்கும். தயவுசெய்து அதைப் படியுங்கள்.

அதே மேற்பார்வையாளர்: இரும்பு ஒன்றே என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் 4 டன் டேக் உள்ளதை வைத்து 3 டன் தூக்கினால் என்ன?

கட்டும்போது சுமை லாரித் தளத்தில் உட்கார்ந்திருக்கிறது, சங்கிலிகள் பலவாக இருக்கின்றன, உராய்வும் உதவுகிறது, ஒரு சங்கிலி தளர்ந்தால் மற்றவை பிடித்துக்கொள்ளும். தூக்கும்போது முழுச் சுமையும் சங்கிலியில் மட்டுமே தொங்குகிறது, கீழே மனிதர் நடக்கிறார். கிரேன் ஒரு வினாடி வேகமாகத் தூக்கினாலோ திடீரென நின்றாலோ 3 டன் சுமை 4 டன் போல இழுக்கும்.

கப்பல் பட்டறை ரிக்கர் (தூக்கும் சுமைகளைக் கட்டுபவர்) ஒருவர்: மேற்பார்வையாளர் சொல்வதில் நியாயம் உண்டு, ஐயா. நாங்கள் பல ஆண்டுகளாகத் தூக்கும் சங்கிலியால் கட்டுகிறோம், ஒன்றும் ஆனதில்லை.

தூக்கும் சங்கிலியால் கட்டலாம், ஆனால் கட்டிய சங்கிலியைத் திரும்பத் தூக்குவதற்கு எடுக்கலாமா என்பதுதான் கேள்வி. என் பதில் கூடாது என்பதே. லாரியில் சங்கிலி எஃகுத் தகடுகளின் கூர்விளிம்பில் மடிகிறது, பைண்டரால் அளவுக்கு மீறி முறுக்கப்படுகிறது, மழையில் மூன்று நாள் ஊறுகிறது. இதை எவரும் பதிவேட்டில் எழுதுவதில்லை. அந்தச் சங்கிலி கடந்து வந்தது எதுவும் தெரியாமல் அதை ஒருவர் தலைக்கு மேல் தொங்கவிடுவதா?

பொறியாளர் ஒருவர்: பதிவேட்டில் எழுதினால் போதாதா? அளந்து பார்த்து, நீட்சி இல்லையென்றால் மீண்டும் தூக்கும் பணிக்கு விடலாமே.

இந்த வாதம்தான் நான் வேலையில் இருந்தவரை ஒவ்வொரு மதிய உணவு நேரத்திலும் ஓடியது. முறையாகச் சோதித்துச் சான்று பெற்றால் திரும்ப விடலாம் என்று காகிதத்தில் வாதிடலாம். ஆனால் நடைமுறையில் அந்தச் சோதனையை யார், எந்த நாளில் செய்வார்? இரவு எட்டு மணிக்கு லாரி துறைமுகத்துக்குக் கிளம்ப வேண்டும், கையில் கிடைத்த சங்கிலியை எடுத்துவிடுவார்கள். அதனால்தான் நான் வண்ணத்தைப் பிரிக்கச் சொல்வேன்: தூக்குவதற்குரிய சங்கிலிகள் ஒரு ரேக்கில், கட்டுவதற்குரியவை வேறு ரேக்கில், வேறு நிறத்தில். பொறியாளர் ஐயா, உங்கள் கணக்கில் தவறில்லை. நான் அஞ்சுவது அந்த இரவு எட்டு மணிக்குத்தான்.

பாதுகாப்பு அதிகாரியாகப் பணிபுரியும் சகோதரி ஒருவர்: ஆண்டுப் பரிசோதனை கட்டும் சங்கிலியையும் உள்ளடக்குமா?

ஆட்களைத் தூக்காத தூக்கும் கருவிகளை அங்கீகரிக்கப்பட்ட பரிசோதகர் 12 மாதங்களுக்கு ஒருமுறையேனும் சோதிக்க வேண்டும் என்பது இங்குள்ள சட்டம். ஆட்களைத் தூக்குபவை என்றால் 6 மாதம். அது தூக்கும் கருவிகளுக்கான விதி. கட்டும் சங்கிலியைப் பயன்படுத்துபவரே ஒவ்வொரு முறையும் பார்த்தாக வேண்டும்.

புதிய ரிக்கர்: கொக்கியில் எதைப் பார்க்க வேண்டும்?

வாய் விரிந்திருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். பல கொக்கிகளில் நுனியில் ஒன்றும் தண்டில் ஒன்றுமாக இரு புள்ளிகள் வார்ப்பிலேயே இருக்கும். அவற்றுக்கு இடையிலான தூரத்தைக் காலிப்பரால் அளந்து தயாரிப்பாளரின் எண்ணோடு ஒப்பிடுங்கள். அமெரிக்கத் தரநிலை 5 விழுக்காடு விரிந்தாலே ஒதுக்கச் சொல்கிறது. ஐரோப்பியத் தயாரிப்பாளர் சிலர் 10 வரை விடுகிறார்கள். நான் 5 என்பதையே பிடித்துக்கொள்வேன். அடுத்து, அடிக்குழியில் தேய்மானம் 10 விழுக்காட்டை எட்டினால் ஒதுக்குங்கள். முறுக்கு சிறிதளவு தெரிந்தாலும், விரிசல் மயிரளவு இருந்தாலும் ஒதுக்குங்கள். எண்ணெயைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். விரிசல் எப்போதும் அழுக்கின் அடியில்தான் ஒளிந்திருக்கும்.

உலோக வேலை செய்பவர்: வாய் விரிந்த கொக்கியைச் சூடாக்கித் தட்டிச் சரிசெய்யலாமா?

கூடாது. இவை குளிர்வித்துப் பதப்படுத்திய உலோகக் கலவை எஃகு; நெருப்பு பட்டவுடன் அந்தப் பதம் போய்விடும். ஒரு பட்டறையில் அப்படித் தட்டி நிமிர்த்திய கொக்கி எனக்குக் காட்டப்பட்டது. மேலே புது பெயின்ட், உள்ளே நீலம் பாய்ந்த கறை. அன்று சோதனைச் சுமை ஏற்றியபோது, அரை நிமிடத்தில் வாய் மெல்ல மெல்லத் திறந்து, சுமை தரையிலிருந்து ஒரு முழம் எழுவதற்குள் வளையம் கழன்று விழுந்தது. அதற்கு முந்தைய வாரம் அதைத்தான் பயன்படுத்தினார்களாம். வெல்டிங் பற்றிக் கேட்க நினைப்பவர்களுக்கும் இதே பதில்.

சிராங்கூன் வாசகர்: சுங்கை ரோடு சந்தை மூடுவதற்கு முன் வாங்கிய பழைய கொக்கி ஒன்று இருக்கிறது. எந்த எழுத்தும் இல்லை. பயன்படுத்தலாமா?

அந்தச் சந்தை 2017இல் மூடப்பட்டது. கொக்கி இன்னமும் உங்களிடம் இருந்தால் அதில் சாவிக்கொத்து மாட்டுங்கள். தரமும் அளவும் பொறிக்கப்படாத கொக்கியில் சுமை எதுவும் ஏற்றக் கூடாது.

லோ லோடர் (தாழ்தள லாரி) ஓட்டுநர்: 20 டன் எக்ஸ்கவேட்டரைக் கட்ட எந்தச் சங்கிலி?

நல்ல கேள்வி. பிரேக் போடும்போது சுமை தன் எடையின் 0.8 பங்கு விசையோடு முன்னே போகப் பார்க்கும், அதாவது 16 டன். உராய்வு 0.3 என்று கொண்டால் 6 டன் கழிகிறது. மீதி 10 டன்னைப் பின்புறம் நோக்கி இழுக்கும் இரண்டு சங்கிலிகள் தாங்க வேண்டும். அவை தளத்துக்கும் நீளவாட்டத்துக்கும் 45 பாகைச் சாய்வில் இருந்தால், ஒவ்வொன்றின் விசையிலும் பாதிதான் பின்னோக்கி வேலை செய்யும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் 10 டன். 13 மி.மீ. கிரேடு 80 கட்டும் சங்கிலி அதற்குச் சரியாகப் பொருந்தும், 8 மி.மீ. சங்கிலி பாதிக்கும் குறைவு. இது தோராயக் கணக்கே. பக்கவாட்டுக்கும் பின்பக்கத்துக்கும் எடையின் 0.5 பங்கை எடுத்துத் தனியாகக் கணக்கிட வேண்டும். கொக்கியை எக்ஸ்கவேட்டரின் கட்டுக்காதில் மாட்டுங்கள், அது ஊர்ந்து செல்லும் இரும்புத் தடத்தின் ஓரத்தில் நுனியை மட்டும் கொளுவாதீர்கள். நுனி பற்றி மீண்டும் சொல்லிவிட்டேன்.

மற்றொரு ஓட்டுநர்: லிவர் பைண்டரின் கைப்பிடியில் குழாயை மாட்டி இறுக்கினால் நன்றாக இறுகுகிறது.

நன்றாகத்தான் இறுகும். அவிழ்க்கும்போது அதே குழாய் உங்கள் தாடையைத் தேடி வரும். பல்சக்கரத்தால் சிறிது சிறிதாக இறுக்கும் ராட்செட் பைண்டர் வாங்குங்கள்.

வேறொருவர்: சுமை தூக்கும் பட்டையான பெல்ட் ஸ்லிங் பற்றி?

அது என் துறையன்று. தயாரிப்பாளரிடம் கேளுங்கள்.

பைனியர் வாசகர்: நாக்கு உடைந்த கொக்கியைக் கம்பியால் கட்டிப் பயன்படுத்தலாமா?

நாக்கு சுமை தாங்காது, கழன்றுபோகாமல் காப்பது மட்டுமே அதன் வேலை. கம்பியால் கட்டினால் அந்தக் காவலும் போய்விடும். புது நாக்கு தனியாகக் கிடைக்கும்.

பெயர் சொல்லாத ஒருவர்: அவசரத்துக்கு ஒரே ஒருமுறை 8 மி.மீ. கட்டும் சங்கிலியால் 3 டன் தூக்கலாமா?

மேலே அதற்குப் போதிய அளவு எழுதிவிட்டேன். கூடாது.

அதே புதிய ரிக்கர்: எங்கள் கொக்கியை அளந்தேன். புதிதில் 30 மி.மீ., இப்போது 31.5. சரியாக 5 விழுக்காடு. வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம், ஒதுக்குங்கள். ஒதுக்கியதைக் குப்பைத் தொட்டியில் முழுசாகப் போடாதீர்கள். திங்கட்கிழமைக்குள் யாரோ எடுத்துத் துடைத்து ரேக்கில் மாட்டிவிடுவார்கள். கட்டரால் நடுவில் இரண்டாக வெட்டி, துண்டுகளை வெவ்வேறு தொட்டியில் போடுங்கள்.