கேடி சொல்வதைக் கேளுங்கள்

கேள்வி: எனக்கு 47 வயது. மூன்று ஆண்டுகளாக கோல்ஃப் ஆடுகிறேன். முதல் ஒன்பது குழிகள் நன்றாகவே போகின்றன. பிறகு ஒரு குழியில் சறுக்கினால் போதும், அடுத்த நாலைந்தும் பாழ். நாலரை மணி நேரம் மனதை ஒருமுகமாக வைத்திருக்க முடியவில்லை, தன்னம்பிக்கையும் போய்விடுகிறது. பை சுமந்து கூடவே வரும் உதவியாளர், அந்தக் கேடி வேறு, "விடுங்கள் சார், அடுத்ததைப் பாருங்கள்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லி எரிச்சலைக் கிளப்புகிறார். என்ன செய்யலாம்?
— ஒரு வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: கேடி மேல் எரிச்சல் வேண்டாம். உங்கள் கேள்விக்குரிய பதிலை அவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். அது ஏன் சரி என்பதை மட்டும் நான் எழுதுகிறேன்.

நாலரை மணி நேரமும் மனதை இழுத்துப் பிடிக்க வேண்டும் என்று யார் சொன்னது? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் அடிக்கு 40 நொடிக்கு மேல் எடுக்க வேண்டாம் என்கின்றன 2019இல் திருத்தப்பட்ட விதிகள். நீங்கள் 100 அடிகளில் முடிப்பவர் என்றாலும் மொத்தம் ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். மீதியெல்லாம் நடை, காத்திருப்பு, பேச்சு. நீங்கள் கெட்டுப்போவது அந்த மீதி நேரத்தில். தண்ணீரில் விழுந்த பந்தை, அடுத்த குழிக்கான முதல் அடியை அடிக்கும் இடத்துக்கு நடந்து போகும் வழியெல்லாம் மனதுக்குள் பத்துத் தடவை திரும்ப அடிக்கிறீர்கள். களைப்பு அங்கிருந்து வருகிறது.

போன மாதம் ஒரு நண்பரோடு இங்குள்ள மைதானம் ஒன்றில் நடந்தேன். காலை ஏழு மணி ஆகவில்லை, குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீன் முழுக்கப் பனி. முந்தைய குழியில் அவர் பந்து தண்ணீருக்குப் போயிருந்தது. இப்போது பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் அடி, அதாவது பட்; மூன்றடி தூரம், நேர்க்கோடு. அதற்கான மட்டையைப் பிடித்த விரல்களின் மூட்டுகள் வெளுத்திருந்தன. கால்களை மூன்று முறை மாற்றி வைத்தார். தலையைத் தூக்கிக் குழியைப் பார்த்தார், பந்தைப் பார்த்தார், மறுபடி குழி. தலை பாதி எழுந்திருக்கும்போதே கை அடித்துவிட்டது. பந்து வலது விளிம்பை உரசி ஒரு சாண் தள்ளி நின்றது. பனியில் அது போன தடம் மட்டும் கோணல் தெரிய அப்படியே கிடந்தது. கேடி பந்தை எடுத்து, ஈரத் துண்டில் துடைத்து, ஒன்றும் பேசாமல் அவர் கையில் கொடுத்தார். அந்த அடியை ஒரு பள்ளி மாணவன் போட்டுவிடுவான். தவறவிட்டது முந்தைய குழியின் தண்ணீர்.

கண் எங்கே நிற்கிறது என்பது சின்ன விஷயமல்ல. கனடாவின் கால்கரி பல்கலைக்கழக ஆய்வாளர் ஜோன் விக்கர்ஸ் 1992இல் பட் அடிப்பவர்களின் பார்வையை அளந்து எழுதினார். தேர்ந்த ஆட்டக்காரர்களின் பார்வை, அடிக்கும் முன் அலையாமல் பந்தின் மேலேயே இரண்டு நொடியளவு நிற்கிறது; பந்து கிளம்பிய பிறகும் சற்று நேரம் அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை. மற்றவர்களின் கண் ஓடிக்கொண்டே இருக்கிறது. இதை வீட்டுக் கம்பளத்திலேயே பழகலாம்.

ஆகவே பையிலிருந்து மட்டையை எடுக்கும்போது மனதையும் எடுங்கள். பந்துக்குப் பின்னால் நின்று எங்கே அடிப்பது, எதனால் அடிப்பது என்று முடிவுசெய்யுங்கள். பந்தருகே போய் நின்ற பிறகு யோசனை கூடாது. வந்துவிட்டதா, விலகி வந்து முதலிலிருந்து தொடங்குங்கள். அடித்து, மட்டையைப் பையில் போட்டதும் அந்த அடியின் கதை முடிந்தது. மரத்தைப் பாருங்கள், கேடியின் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேளுங்கள்.

ஒரு குழி சறுக்கினால் அடுத்தவையும் போவது உங்களுக்கு மட்டும் நேர்வதல்ல. 2011 மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசி நாளை நான்கு அடி முன்னிலையோடு தொடங்கினார் தொழில்முறை ஆட்டக்காரர் ரோரி மெக்கில்ராய். 10ஆவது குழியின் முதல் அடி இடப்பக்கம் விலகியது. அந்தக் குழியை முடிக்க வகுத்த அடிக்கணக்கான பாரைவிட மூன்று அடி கூடுதல். 11இல் ஒன்று, 12இல் இரண்டு. அன்றைய கணக்கு 80. இரண்டே மாதத்தில் அமெரிக்க ஓப்பனை எட்டு அடி வித்தியாசத்தில் வென்றார். கை அதே கை.

தன்னம்பிக்கைக்கு வருகிறேன். 'என்னால் முடியும்' என்று முணுமுணுத்துக்கொண்டு தண்ணீரைத் தாண்டி அடிப்பதை நான் தன்னம்பிக்கை என்று ஏற்கமாட்டேன். பயிற்சியில் பத்தில் எட்டு முறை சரியாகப் போகும் அடி எதுவோ, அதை எடுங்கள். உங்கள் தூரங்களை அளந்து எழுதிவையுங்கள். (பெங்களூரு 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பந்து இங்கே கூடுதலாகப் போகும். சென்னையில் ஆடும்போது குறைந்தால் கலங்க வேண்டாம்.) எட்டடி தூரத்து பட்டில் உலகின் முன்னணித் தொழில்முறை ஆட்டக்காரர்களே ஏறத்தாழ பாதியைத்தான் போடுகிறார்கள். உங்கள் திறனைக் காட்டும் எண்ணான ஹேண்டிகேப், கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த எட்டை மட்டும் வைத்துக் கணக்கிடப்படுவது. மற்றப் பன்னிரண்டும் அதைவிட மோசமாக இருக்கும் என்று அந்த ஏற்பாட்டுக்கே தெரியும். நீங்கள் மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் சிறந்த எட்டில் ஒன்றை எதிர்பார்த்துப் போகிறீர்கள்.

நம் ஊர் கோல்ஃப் வீராங்கனை அதிதி அசோக் தூரம் அடிப்பவர் அல்ல. டோக்கியோ ஒலிம்பிக்கில், உலகத் தரவரிசையில் 200ஆவது இடத்திலிருந்து வந்து, தம் தூரத்துக்குள்ளேயே ஆடி, ஓர் அடியில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காவதாக முடித்தார். அவருக்குப் பை சுமந்தவர் அவருடைய அம்மா.

அடுத்த ஆட்டத்துக்கு ஒரு வெற்று அட்டை கொண்டுபோங்கள். அதில் ஸ்கோர் எழுத வேண்டாம். முடிவெடுத்து, அதை மாற்றாமல் நின்று அடித்த ஒவ்வோர் அடிக்கும் ஒரு கோடு போடுங்கள், பந்து எங்கே போயிருந்தாலும் சரி. அட்டையைக் கேடியிடம் கொடுத்து அவரையே போடச் சொன்னால் இன்னும் நல்லது. 10ஆவது குழிக்குப் பிறகு எத்தனை கோடுகள் என்று எனக்கு எழுதுங்கள்.